எதுவும் வாங்காமல் உட்காரலாம்

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் காலையிலேயே வந்துவிடுகிறவர்களில் கணிசமானோர் அங்குள்ள ஒரு புத்தகத்தைக்கூடத் தொடுவதில்லை. படிக்க வேண்டியதை அவர்களே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்கள், பயிற்சி மையத்தில் கொடுத்த ஜெராக்ஸ் தாள்கள், ஓரமெல்லாம் குறிப்பெழுதிய பொது அறிவு நூல்கள். பையின் அடியில் டிபன் பாக்ஸ், பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில். சொந்தப் புத்தகத்தோடு வருகிறவர்களுக்கென்றே அங்கே தனிப் பகுதி இருக்கிறது. காலையில் அதில் இடம் பிடித்தால், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து, மறுபடி வந்து உட்கார்ந்து, விளக்கு போட்ட பிறகுதான் பலரும் கிளம்புகிறார்கள்.

பன்னிரண்டு லட்சம் நூல்கள் கொள்ளும் ஒன்பது மாடிக் கட்டடத்துக்குச் சொந்தப் புத்தகத்தை ஏன் தூக்கிக்கொண்டு வர வேண்டும்? அங்கே மேசை, நாற்காலி இருக்கிறது. நல்ல வெளிச்சம், குடிதண்ணீர், கழிப்பறை இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரும் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரே அறையில் டி.வி.யும் தையல் மிஷினும் தம்பியின் வீட்டுப்பாடமும் பாட்டியின் கட்டிலும் இருக்கிற வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! தனி அறையில் படித்து வளர்ந்தவர்கள் கொஞ்சம் யோசித்தால்தான் அது புரியும். 2022இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வில் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அத்தனை பேரும் எங்கேயாவது உட்கார்ந்து படித்தாக வேண்டும். மேசைக்கு மாத வாடகை வாங்கும் தனியார் ‘ஸ்டடி ஹால்’கள் நகரங்களில் பெருகியது இதனால்தான். அந்த வாடகையைக் கொடுக்க முடியாதவருக்கு மிஞ்சுவது பொது நூலகம்.

நகரத்தில் கூரையுள்ள ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார என்ன வழி? டீக்கடை பெஞ்சில் ஒரு டீ குடிக்கிற நேரம் உட்காரலாம். காபி ஷாப்பில் உட்கார நூறு, இருநூறு ரூபாய் வேண்டும். மாலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம். நாற்காலியெல்லாம் சாப்பாட்டுக் கடைகளுக்கு முன்னால்தான் கிடக்கும். பல பூங்காக்களை வெயில் ஏறியதும் பூட்டிவிடுகிறார்கள். பேருந்து நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் யாராவது வந்து விசாரிப்பார்கள். எதையும் வாங்காமல், யாருடைய சிபாரிசும் இல்லாமல், வந்த காரணத்தைச் சொல்லாமல் உட்காரக்கூடிய இடமாகப் பொது நூலகத்தைத் தவிர வேறொன்றைக் காட்டுவது கஷ்டம். வாசலில் இருக்கிற வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். உட்கார்ந்து படிக்க உறுப்பினராகக்கூட வேண்டியதில்லை. வீட்டுக்கு நூல் எடுத்துப்போகத்தான் காப்புத்தொகையும் சந்தாவும். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு சினிமா டிக்கெட் விலையைத் தாண்டுவதில்லை.

கோட்டூர்புரம் வரை போகாமல் ஏதாவது ஒரு கிளை நூலகத்துக்குள் காலை ஒன்பது மணிக்கு நுழைந்தால் இதே காட்சியின் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். நீள மேசையைச் சுற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள். ஒரே நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருக்கும். முதல் பக்கம் வைத்திருப்பவர் முடித்துவிட்டாரா என்று ஒருவர் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். தந்தியை முடித்தவர் தினமணிக்குப் போவார். பேச்சு இருக்காது. ஆனால் வழக்கமாக வருகிற ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால், மூன்றாம் நாள் ‘சாருக்கு உடம்புக்கு என்னவாம்?’ என்று நூலகரிடம் கேட்பதற்கு அந்த மேசையில் ஆள் உண்டு. மனைவியை இழந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற ஒரு மனிதருக்கு, தன்னைத் தேடுகிற ஒரு மேசை இருப்பது சாதாரண விஷயமில்லை. நூலகத்தின் ஆண்டறிக்கையில் இதற்குத் தனிப் பத்தி கிடையாது. வந்த வாசகர் எத்தனை, போன நூல் எத்தனை என்பதோடு கணக்கு முடிந்துவிடும்.

பெண்களுக்கு இந்த இடம் இன்னும் முக்கியம். சிற்றூரிலும் சிறுநகரத்திலும் ஓர் இளம்பெண் தனியாகப் போய் ஒரு மணி நேரம் உட்காரக்கூடிய பொது இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டீக்கடையும் முச்சந்தியும் பாலத்துச் சுவரும் ஆண்களுக்கே எழுதிவைத்ததுபோல் ஆகிவிட்டன. ‘எங்கே போறே?’ என்ற கேள்விக்கு ‘லைப்ரரிக்கு’ என்ற பதிலை அநேகமாக எல்லா வீடுகளும் ஏற்றுக்கொள்கின்றன. அந்த ஒரு பதிலால் கல்யாணத்துக்குப் பிறகும் தேர்வெழுதி வேலைக்குப் போக வழி கிடைத்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ரங்கநாதனின் நாற்காலி

நூலகத்தை உட்காருகிற இடமாகப் பார்ப்பது அதைக் குறைத்து மதிப்பிடுவதாகாதா என்று புத்தகப் பிரியர்கள் சிலர் வருத்தப்படுவதுண்டு. அவர்களுக்கு எஸ்.ஆர். ரங்கநாதனின் வாழ்க்கையே பதில். சீர்காழியில் 1892இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையின் கலகலப்பில் பழகிய மனிதருக்கு ஆளரவமற்ற அந்த அறை பிடிக்கவில்லை. கல்லூரிக்கே திரும்பிவிட நினைத்தார். அதே ஆண்டு பயிற்சிக்காக லண்டன் போனது அவரை மாற்றியது. அங்கே பொது நூலகங்களுக்குள் தொழிலாளிகளும் இல்லத்தரசிகளும் குழந்தைகளும் தம் வீட்டுக்குள் நுழைவதுபோல் போய்வருவதைப் பார்த்தார். நாடு திரும்பியவர் பல்கலைக்கழக நூலகத்தின் அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். வாசகரே உள்ளே போய் நூலை எடுக்கலாம்.

1931இல் வெளியான அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ உலகெங்கும் நூலகப் படிப்பில் அடிப்படைப் பாடம். அதில் முதல் விதி புத்தகங்களின் பயன்பாட்டைப் பற்றியது. அந்த விதியை விளக்கும்போது அவர் எடுத்துக்கொள்கிற விஷயங்களைக் கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். நூலகம் ஊரில் எந்த இடத்தில் அமைய வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், நாற்காலி மேசைகள் எப்படி இருக்க வேண்டும், உள்ளே இருக்கிற ஊழியர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பவைதான் அவை. எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்தாலும், ஊருக்கு வெளியே, அரை நாள் திறந்து, உட்கார வசதியில்லாமல், சிடுசிடுக்கிற ஆள் ஒருவர் காவலிருந்தால் அது யாருக்கும் பயன்படாது என்பதை அவர் கணக்காசிரியரின் தெளிவோடு நிறுவினார். தமிழ்நாட்டு நூலகங்களின் இன்றைய நிறைகுறைகளை அளக்க இந்த நான்கைவிட நல்ல அளவுகோல் இன்னும் வரவில்லை.

இடம் என்பதை ரங்கநாதன் காலத்தவர்கள் எவ்வளவு தூரம் யோசித்தார்கள் என்பதற்கு மன்னார்குடி சாட்சி. வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போக வேண்டும் என்று, கனகசபை பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டி ஒன்றையே நூலகமாக வடிவமைத்தார். 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் அந்த வண்டியை ரங்கநாதன் தொடங்கி வைத்தார். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் புத்தகம் வண்டியேறிப் போனது. இன்று மாவட்டங்களில் ஓடுகிற நடமாடும் நூலக வாகனங்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

அவர் கனவின் பெரும் பகுதி 1948இல் சட்டமானது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சர், தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர். சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் நிறைவேறிய முதல் நூலகச் சட்டம். பொது நூலகங்களுக்கான பிரகடனத்தை யுனெஸ்கோ வெளியிட்டதே அதற்கு மறு ஆண்டுதான். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, அதற்கு நிரந்தர வருமானமாக நூலக வரி என்று அந்தச் சட்டம் வழி செய்தது. இலவசமாகக் கிடைப்பதாக நாம் நினைக்கிற நூலகத்துக்கு உண்மையில் நாம் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. ஆயிரம் ரூபாய் வரி கட்டுகிற வீட்டிலிருந்து நூறு ரூபாய் என்பது கணக்கு. வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாக அதில் பங்கு கொடுக்கிறார். நூலகத்துக்குள் போகிறவர் யாருடைய தயவிலும் போகவில்லை. தன் பங்கைப் பயன்படுத்தப் போகிறார்.

வருத்தம் என்னவென்றால், வசூலிக்கிற உள்ளாட்சி அமைப்புகள் அந்தப் பணத்தை உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பதில்லை என்ற புகார் பல ஆண்டுகளாக நீடிக்கிறது. சம்பளமும் வாடகையும் மின்கட்டணமும் அந்த வருமானத்தை எதிர்பார்த்து இருக்கின்றன. நூலக வரி நூலகத்துக்கு வந்து சேருவது யாரும் செய்கிற சலுகையாகாது. மக்கள் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்த பணம் அது.

பெரிய கூரைகள், சிறிய கூரைகள்

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிற கன்னிமாரா நூலகத்துக்கு 1890இல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய ஆளுநர் கன்னிமாரா பிரபு. ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. வளைந்த கூரையும் வண்ணக் கண்ணாடியும் தேக்கு வேலைப்பாடும் கொண்ட அந்தப் பழைய கூடத்தைப் பார்க்கிற யாரும் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். ஓர் அரசாங்கம் வாசகனுக்கு இவ்வளவு அழகான கூடத்தைக் கட்டிக்கொடுக்கலாம் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார்களே என்பதுதான் அதைவிடப் பெரிய அழகு. 1950 ஏப்ரல் 1 முதல் அது மாநில மைய நூலகம். நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதியைப் பெறுகிற நான்கு நூலகங்களில் ஒன்று என்பதால், வேறெங்கும் கிடைக்காத நூலுக்கு ஆய்வாளர்கள் கடைசியில் வந்து நிற்கிற வாசலும் அதுதான்.

2010 செப்டம்பர் 15 அன்று முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒரு வயது முடிந்தவுடனேயே சோதனையைச் சந்தித்தது. 2011 நவம்பரில் அப்போதைய அரசு, நூலகத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்குவதாக அறிவித்தது. எழுத்தாளர்களும் மாணவர்களும் வாசகர்களும் எதிர்த்தார்கள். வழக்கு போனது, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கட்டடம் தப்பியதே தவிர, பராமரிப்பு தேய்ந்தது. அதற்கும் நீதிமன்றம் தலையிட வேண்டிவந்தது. இவ்வளவுக்கும் இடையே வாசகர்கள் வருவதை நிறுத்தவில்லை. கட்சிகளின் கணக்கு எதுவாக இருந்தாலும், வந்து உட்கார்ந்தவர்கள்தான் அந்த நூலகத்தைக் காப்பாற்றினார்கள் என்று சொல்வது மிகையாகாது.

இன்றைக்கு அங்கே ஒரு சுற்று வந்தால் ஒரு நகரத்தின் வகைவகையான தேவைகளைப் பார்த்துவிடலாம். தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெயில் பிரிவு. முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு; நடுவில் பெரிய செயற்கை மரம், அதன் அடியில் படம் பார்த்துக்கொண்டோ எழுத்துக்கூட்டியோ குழந்தைகள். பிள்ளையைக் கூட்டிவந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தனக்கொரு பத்திரிகையைப் புரட்டுகிறார். மேல் தளங்களில் மருத்துவம், பொறியியல், சட்டம் என்று விலை கொடுத்து வாங்க முடியாத பாடநூல்கள். ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சியில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் வந்து பேசுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. கேள்வி கேட்க யாரும் எழுந்து நிற்கலாம்.

மதுரையில் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று, காமராஜர் பிறந்தநாளில், முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் சுமார் 215 கோடி ரூபாயில், இரண்டு லட்சம் சதுர அடிக்கும் மேல் எழுந்தது. தென் மாவட்டத்துப் பிள்ளைகள் படிக்க இடம் தேடிச் சென்னைக்கு வந்து விடுதி வாடகை கட்டுவதை அது ஓரளவு குறைத்தாலே போட்ட பணத்துக்கு நியாயம் கிடைத்துவிடும். இது நல்ல திசை. எல்லாப் பெரிய நகரங்களுக்கும் இது வர வேண்டும்.

இருந்தாலும் ஒரு கவலை உண்டு. தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாம் சேர்த்து 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. மிகப் பெரும்பாலான மக்களுக்குக் கோட்டூர்புரமும் நத்தம் சாலையும் எப்போதாவது போய்ப் பார்க்கிற இடங்கள்தான். பள்ளிக்கூடம் விட்டு ஐந்து மணிக்கு நடந்து போய்ச் சேரக்கூடிய நூலகம் அந்த 4,600க்குள்தான் இருக்கிறது. அவற்றின் கூரை ஒழுகினால் எந்தப் பெரிய நூலகமும் அந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது.

2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் இதற்கு அருமையான விடை ஒன்றை முன்வைத்தது. ஐந்தே ஆண்டுகளில், மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஊராட்சிக்கொரு நூலகம். கட்டடம் கட்டினார்கள், புத்தகம் வாங்கினார்கள், அலமாரி போட்டார்கள். ஆனால் தினமும் கதவைத் திறப்பதற்கு முழுநேர ஆள் இல்லை. மிகச் சிறிய மதிப்பூதியத்தில் ஊரிலுள்ள யாரையாவது பொறுப்பாக்கினார்கள். பல ஊர்களில் நூலகம் பூட்டிக் கிடந்தது. சில இடங்களில் ஊராட்சியின் தட்டுமுட்டுச் சாமான் அறையாகிவிட்டது. 2021-22இல் தொடங்கிய திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பல கட்டடங்களைப் புதுப்பித்திருக்கிறார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் மட்டும் போதாது. ரங்கநாதனின் நான்கில் இடமும் நாற்காலியும் வந்து, நேரமும் ஆளும் வராமல் போனதுதான் முதல் கட்டத்தின் பாடம்.

இடத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கிராமத்தில் நூலகம் எந்தத் தெருவில் அமைகிறது என்பதை வைத்தே அதற்குள் யார் வருவார்கள் என்பது பாதி முடிவாகிவிடும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பேருந்து நிறுத்தத்தையோ பள்ளியையோ ஒட்டி இருந்தால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சிறுவர் இதழுக்குப் போட்டி போடுவார்கள். கோயிலை ஒட்டி, ஆதிக்கச் சாதித் தெருவின் உள்ளே அமைந்துவிட்டால் மற்றவர்கள் காலெடுத்து வைக்கத் தயங்குவார்கள். இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்த மண்ணில், எல்லோருக்கும் ஒரே நாற்காலி என்பது சட்டப் புத்தகத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வைக்கிற காரியம். இடம் ஒதுக்கும்போதே இதை யோசிக்கிற அதிகாரி அந்த ஊருக்குப் பெரிய உபகாரம் செய்கிறார்.

நேரமும் அப்படித்தான். ஊர்ப்புற நூலகங்கள் காலையில் சில மணி நேரமும் மாலையில் சில மணி நேரமும்தான் திறந்திருக்கின்றன. நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கும் மில்லுக்குப் போகிறவருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வசதியான நேரம் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை. அந்த மூன்று மணி நேரம் ஒரு நாள் தவறாமல் திறந்திருந்து, வாசலில் ஒரு தெருவிளக்கும் எரிந்தால் வாசகர் எண்ணிக்கை தானாக ஏறும். கழிப்பறை இல்லாத நூலகத்தில் ஒரு பெண் அரை மணிக்கு மேல் உட்கார மாட்டார். வாடகைக் கட்டடங்களில் இயங்கும் கிளைகள் பலவற்றில் இன்றும் இதுதான் குறை. புத்தகம் வாங்கக் கோடிகள் ஒதுக்கும்போது கழிப்பறைக்கும் சில லட்சங்களைச் சேர்த்து எழுதுவதில் சிரமம் இருக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே நூலகர். 1972இல் பொது நூலகத்துக்கெனத் தனித் துறை வந்தபோது, நூலகவியல் படித்த வே. தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானார். தொழில் தெரிந்தவர் தலைமையேற்றதன் பலன் துறையின் வளர்ச்சியில் தெரிந்தது. கீழ்மட்டத்தில் நிலைமை வேறு. ஊர்ப்புற நூலகர் ஒருவரே கதவைத் திறக்கிறார், பெருக்குகிறார், நாளிதழ் அடுக்குகிறார், நூல் கொடுத்து வாங்குகிறார், புரவலர் சேர்க்க அலைகிறார். பக்கத்து ஊர் நூலகத்தின் கூடுதல் பொறுப்பையும் சுமக்கிறார். முறையான காலமுறை ஊதியம் கேட்டு ஊர்ப்புற நூலகர்கள் பல ஆண்டுகளாகக் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிறுவனுக்கு எந்த வயதில் எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது என்று தெரிந்த நூலகர் ஒருவர் ஊரின் தலைமுறையையே மாற்றிவிடுவார். எழுத்தாளர்கள் பலர் தங்கள் பால்யத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நூலகரின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை.

யாழ்ப்பாணத்துச் சாட்சி

ஒரு நூலகம் ஊருக்கு என்னவாக இருக்க முடியும் என்பதைத் தமிழர்கள் மிகக் கொடுமையான விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது யாழ்ப்பாணத்தில். 1933இல் கே.எம். செல்லப்பா தன் வீட்டிலேயே புத்தகங்களைச் சேர்த்து அக்கம்பக்கத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்கள் கைகொடுக்க, மறு ஆண்டே ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் ஆயிரத்துக்கும் குறைவான நூல்களோடு வாசிகசாலை உருவானது. இடம் போதாமல் போனதும் பெரிய கட்டடத்துக்கு ஊரே நிதி திரட்டியது. கார்னிவல் நடத்தினார்கள், லாட்டரிச் சீட்டு விற்றார்கள். வண. லோங் அடிகள் முன்னின்றார். சென்னை அரசின் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடக் கட்டடக் கலையில் வரைபடம் தந்தார். ஆலோசனை சொன்னவர் நம் சீர்காழி ரங்கநாதன். 1954இல் அடிக்கல், 1959 அக்டோபரில் திறப்பு விழா.

1981 மே 31 நள்ளிரவை ஒட்டித் தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. தூரத்திலிருந்து அந்தத் தீயைப் பார்த்த மொழியறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்விட்டார். சுவடிகளின் இழப்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதைப் பேசத்தான் வேண்டும். அதோடு சேர்த்து நினைக்க வேண்டியது இன்னொன்று: பள்ளி விட்டதும் பிள்ளைகள் போய் உட்கார்ந்த சிறுவர் பகுதியும், வேலை முடிந்து குமாஸ்தாக்கள் பத்திரிகை படித்த கூடமும் அதே இரவில் போயின. ஓர் ஊர் தன் காசில் கட்டிக்கொண்ட பொது முற்றம் அது. எரித்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. வெள்ளை மாளிகையாகப் புதுப்பித்து நிற்கும் அந்தக் கட்டடத்தில் இன்று மறுபடியும் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் மக்கள் தாங்களே நடத்திய வாசிப்பு இடங்களுக்குப் பஞ்சமில்லை. சுயமரியாதை இயக்கத்தவரும் பின்னர் திராவிட இயக்கத்தவரும் இடதுசாரிகளும் தெருமுனையில் ஓலைக்கொட்டகை போட்டுப் படிப்பகம் வைத்தார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் ‘விடுதலை’யையும் ‘திராவிட நாடு’ இதழையும் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். முடிதிருத்தும் கடை பெஞ்சுகளும் அதே வேலையைச் செய்தன. கேரளத்தில் 1945இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் தொடங்கிய சங்கம், மாநிலம் முழுக்க மக்கள் குழுக்கள் நடத்தும் நூலகங்களாக வளர்ந்தது. அங்கே அரசு உதவி செய்கிறது; நடத்துவது ஊர்க்காரர்கள். இங்கே சட்டமும் வரியும் துறையும் முன்பே கிடைத்துவிட்டதால், நூலகம் என்றால் அரசாங்க ஆபீஸ் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் புரவலராகலாம். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா. வாசகர் வட்டம் உயிரோடு இருக்கிற ஊரில் நூலகமும் உயிரோடு இருக்கிறது. அந்த வட்டம் ஆண்டுக்கொரு போட்டோவுக்கு மட்டும் கூடுகிற ஊர்களே அதிகம்.

எல்லாம் செல்போனில் வந்துவிட்ட பிறகு நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. போனில் புத்தகம் வரும். படிக்க ஓரிடம் வராது. போனில் நோட்ஸ் வைத்திருக்கிற பிள்ளைகளே போனை ‘சைலன்ட்’டில் போட்டுவிட்டுப் படிப்பதற்காகத்தான் நூலகம் தேடி வருகிறார்கள். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த ‘முதல்வர் படைப்பகம்’ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும், மடிக்கணினியில் வேலை பார்க்கிறவர்களுக்கும் குளிரூட்டப்பட்ட இடத்தை மிகச் சிறிய கட்டணத்தில் தருகிறது. இதற்கு வரவேற்பு இருப்பதே தேவை எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. அதே நேரம், கட்டணம் எவ்வளவு சிறியதானாலும் அது ஒரு வடிகட்டி என்பதை மறக்கக்கூடாது. கையில் பஸ் காசு மட்டும் உள்ள மாணவிக்கு ஐம்பது ரூபாயும் யோசிக்க வைக்கிற பணம். புதிய வசதிகள் வரட்டும். கட்டணமில்லாத நாற்காலி அவற்றுக்கு இடம் கொடுத்துவிட்டு விலகிவிடக் கூடாது.

கிராமங்களில் இதற்கான வழி கையருகிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. குடிநீருக்கும் சாலைக்கும் தீர்மானம் எழுதுகிற அதே தாளில், ஊர் நூலகம் மாலை எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும், அதற்குக் கழிப்பறையும் வாசலில் விளக்கும் வேண்டும், நிரந்தரப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்றும் எழுதிக் கொடுக்கலாம். நிறைவேறிய தீர்மானம் ஊராட்சிப் பதிவேட்டில் ஏறிவிடும். அடுத்த கூட்டத்தில் எழுந்து, அது என்ன ஆயிற்று என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.